வீட்டில் ஒழுங்காகப் போகிறான், வெளியில் மடக்கு பாட்டியைப் (குழந்தைகள் உச்சா, ஆய் போக உட்காரும் குட்டி இருக்கை) பார்த்தாலே ஓடுகிறான். பத்து நாளில் திருநெல்வேலி ரயில், உதவுங்கள்

குட்டிவால் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் இருக்கிறோம், மகனுக்கு 2 வயது 4 மாதம். ஒன்றரை மாதமாகப் பகலில் டயப்பர் கிடையாது. வீட்டில் ஒரு பச்சை பிளாஸ்டிக் பாட்டி இருக்கிறது. (இந்த வார்த்தையால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கலவரம் நடந்துவிட்டது. "பாட்டி மேல உக்கார மாட்டேன்" என்று இவன் கத்த, "நான் எப்படா உன்னை உக்காரச் சொன்னேன்" என்று மாமியார் முகம் சுண்டிப்போக, அன்றிலிருந்து அதற்குக் "குட்டி நாற்காலி" என்று பெயர் வைத்துவிட்டோம்.) உச்சா வந்தால் அவனே வந்து சொல்கிறான். ஆய்க்கு மட்டும் சொல்ல மாட்டான், திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்று முகம் சிவப்பான், அப்போது தூக்கிக்கொண்டு ஓடினால் சரியாக இருக்கும்.

பிரச்சினை வெளியில்தான். 700 ரூபாய்க்கு ஒரு மடக்கு பாட்டி வாங்கினேன். காலை விரித்தால் குட்டி ஸ்டூல் மாதிரி நிற்கும், உள்ளே கவர் மாட்டிக்கொள்ள வேண்டும், மடக்கினால் கைப்பைக்குள் போய்விடும். மூன்று தடவை எடுத்துப்போனேன், மூன்றும் சொதப்பல். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு கால் மணலில் புதைந்து அப்படியே சாய்ந்து விழுந்தான். வண்டலூர் போகும் வழியில் காரை ஓரம் கட்டி உட்கார வைத்தால், காற்றில் கவர் மேலே தூக்கி முக்கால்வாசி உச்சா அவன் ஷூவிலேயே. கடைசியாகச் சொந்தத்தில் ஒரு கல்யாணம், மண்டபத்தில் டிரெஸ்ஸிங் ரூமில் வைத்தேன். உட்கார்ந்தான், உடனே துள்ளி எழுந்தான், அழுதான், வெளியே வந்து இரண்டே நிமிடத்தில் பட்டு வேட்டியிலேயே உச்சா போய்விட்டான். அதிலிருந்து அதைக் கையில் எடுத்தாலே "வேணாம் வேணாம்"தான்.

இன்னும் பத்து நாளில் நெல்லை எக்ஸ்பிரஸில் போகிறோம், மூன்றாம் ஏசி. அங்கிருந்து கிராமத்துக்குக் கார். "டயப்பரை மாட்டிக் கூட்டிட்டு வா, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார் அம்மா. "இவ்வளவு நாள் பழகினதெல்லாம் மறந்துடும்" என்கிறார் கணவர். இப்போது நான் செய்வது என்னவென்றால், வெளியே கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிடுகிறேன். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

கோவை அக்கா:

முதலில் மூன்று கேள்வி. காலை விரித்ததும் "டக்" என்று சத்தம் வந்து பூட்டிக்கொள்கிறதா? அதை வீட்டில் ஒரு தடவையாவது விரித்து வைத்திருக்கிறீர்களா? உள்ளே என்ன கவர் போடுகிறீர்கள்?

குட்டிவால் அம்மா:

கால் நன்றாகவே பூட்டுகிறது அக்கா, மணலில் வைத்தது என் முட்டாள்தனம். வீட்டில் விரிக்கவே இல்லை, அழுக்காகிவிடும் என்று பெட்டியிலேயே வைத்திருந்தேன். கவர்... கூடவே வந்த பத்தும், வாங்கிய ஜோரில் எப்படி மாட்டுவது என்று பார்த்துப் பார்த்தே தீர்ந்துவிட்டது. 2019க்குப் பிறகு கடையில் கேரி பேக் ஏது? அதனால் ஆன்லைனில் துணி வாங்கினால் வருமே அந்த கூரியர் கவர், அதை வெட்டிப் போடுகிறேன். கெட்டியாகத்தான் இருக்கிறது, ஒழுகவில்லை.

ரெண்டு வாலுக்கு அப்பா:

சிஸ்டர், எனக்கு அந்த கவர் மேல்தான் சந்தேகம். கூரியர் கவர் மொடமொடவென்று சத்தம் போடும், ஏசி மண்டபத்தில் ஜில்லென்று தொடையில் ஒட்டும். நாமே உட்கார மாட்டோம். என் பெரியவளும் இதே மாதிரி துள்ளி எழுவாள், நாங்கள் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே இருந்தோம் (இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது).

இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். கவரே இல்லாமல் மடக்கு பாட்டியை அந்தப் பச்சை நாற்காலிக்குப் பக்கத்தில் வையுங்கள். டிரவுசரோடு சும்மா உட்காரட்டும், அவன் பொம்மை உட்காரட்டும், எதுவும் வர வேண்டாம். ஒரு நாள் கழித்து கவரோடு. எந்த இடத்தில் துள்ளுகிறான் என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது காரணம் என்றே தெரியாமல் போகும்.

கவருக்குக் குப்பைக்கூடையில் போடும் மீடியம் பை, 19க்கு 21 அங்குலம் என்று போட்டிருக்கும், அது சரியாக இருக்கும். பையின் வாயைச் சீட்டுக்கு வெளியே நன்றாக மடித்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் மடிப்புத் தகடு அதன் மேல் அழுந்தும்படி வைக்க வேண்டும், அப்போதுதான் காற்றுக்குத் தூக்காது. அடியில் ஒரு டயப்பரை விரித்துப் போடுங்கள். உச்சாவை அது குடித்துவிடும், சத்தமும் வராது, தூக்கும்போது தளும்பாது. சின்னதாகிப்போன பழைய சைஸ் டயப்பர் வீட்டில் மிச்சம் கிடக்குமே, அதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. மக்கும் பையும் போட்டுப் பார்த்தேன், எனக்கு இரண்டு தடவை அடியில் விட்டுவிட்டது.

ஷூ நனைந்த கதைக்கு: பையன்களை உட்கார வைத்தால் மட்டும் போதாது. முட்டியை அகட்டி, இரண்டு கையையும் முட்டி மேல் வைத்து, கொஞ்சம் முன்னால் குனியச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கீழே போகும். நிமிர்ந்து உட்கார்ந்தால் நேரே உங்கள் முகத்துக்கு வரும்.

காரில் போகும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் பங்க் மாதிரி உள்ளே தள்ளி நிறுத்தும் இடமாகப் பார்த்து, டிக்கியைத் திறந்து அதற்குள் ஒரு பழைய துண்டை விரித்து அதன் மேல் வைத்தால் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, யாரும் பார்க்கவும் மாட்டார்கள். ஓடும் காரில் பெல்ட்டைக் கழற்றி உட்கார வைப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

வார்டு நர்ஸ்:

மற்றதெல்லாம் அவர் சொல்லிவிட்டார். நான் தண்ணீர் விஷயத்துக்காக மட்டும் வந்தேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள் மா. தண்ணீர் குறைந்தால் ஆய் இறுகும், ஒரு தடவை வலித்துவிட்டால் அடுத்த தடவை பயந்து அடக்குவான், அடக்க அடக்க இன்னும் இறுகும். அந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் தெரியுமா? திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறான் என்கிறீர்களே, அது பல பிள்ளைகள் செய்வதுதான், அங்கே நின்று அடக்குகிறானா, போகத்தான் தயாராகிறானா என்று கவனியுங்கள்.

சாப்பிட்டு முடித்த அரைமணிக்குள் குடல் தானாக வேலை செய்யும். அதனால் கிளம்பும் நாளில் சாப்பாட்டைக் கொஞ்சம் முன்னால் கொடுத்து, வீட்டுப் பச்சை நாற்காலியிலேயே ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும், தொங்கக் கூடாது. ஊரில் மூன்று நாள் போகவில்லை, அல்லது ரத்தம் தெரிகிறது, உச்சா போகும்போது எரிகிறது என்று அழுகிறான், காரணமில்லாமல் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இரவு டயப்பர் பற்றி: போடுங்கள். ராத்திரி நனையாமல் தூங்குவது பழக்கத்தால் வருவதில்லை, உடம்பு வளர்ந்து வரவேண்டிய விஷயம். ஐந்து வயது வரை படுக்கையில் போனால் நாங்கள் அதை நோயாகவே பார்ப்பதில்லை. பகலில் ஜட்டி, படுக்கும்போது டயப்பர். அதனால் எதுவும் மறந்துவிடாது, உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

அடிக்கடி ரயிலேறுபவன்:

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். பெர்த்துக்கு நடுவில் பாட்டியை வைத்து உட்கார வைக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எதிரே ஒருவர் இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருப்பார். குழந்தைதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் அது ஏசி பெட்டி, ஜன்னல் திறக்காது.

அப்புறம் அந்தப் பையையோ டயப்பரையோ ரயில் கழிவறைக்குள் போட்டுவிடாதீர்கள். இப்போதெல்லாம் கீழே பயோ டாய்லெட் தொட்டி இருக்கிறது, பாக்டீரியா மலத்தைத்தான் தின்னும், பிளாஸ்டிக்கைத் தின்னாது. ஒரு டயப்பர் மாட்டினால் அடைத்துக்கொண்டு பெட்டி முழுக்கத் திருநெல்வேலி வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

குட்டிவால் அம்மா:

இல்லை சார், பெர்த்தில் வைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கழிவறைத் தரை ஈரத்தில் வைக்கவும் மனசு வரவில்லை, அதுதான் கேட்கிறேன்.

ரெண்டு வாலுக்கு அப்பா:

உங்களுடையது காலைப் பக்கவாட்டில் மடக்கித் தட்டையாக்கக்கூடிய வகை என்றால், அதை அப்படியே வெஸ்டர்ன் டாய்லெட் மேல் வைக்கலாம், கவரே வேண்டாம். ரயில் ஆடும், அக்குளில் பிடித்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் வாஷ்பேசின் பக்கத்தில், பெட்டியின் வெளிக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒருவர் கதவில் முதுகைக் கொடுத்து நிற்க, ஒருவர் பிள்ளையைப் பார்க்க. தனியாகப் போனால் இதைச் செய்யாதீர்கள்.

கோவை அக்கா:

கழுவுவதற்கு ஒரு சின்ன யோசனை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் மூடியில் சூடாக்கிய ஊசியால் ஆறேழு ஓட்டை போட்டு வைத்துக்கொள். அழுத்தினால் குட்டி ஷவர். துடைக்கும் ஈரத்தாள் ஆயிரம் இருந்தாலும் நமக்குத் தண்ணீர் பட்டால்தானே கழுவின மாதிரி இருக்கும். ஆய் போனால் கைக்கு சானிடைசர் மட்டும் போதாது, பேப்பர் சோப் ஒரு டப்பா கைப்பையில் கிடக்கட்டும். பையைக் கட்டும் முன் கெட்டியானதைக் கழிவறையில் கொட்டிவிடு, மிச்சத்தை முடிச்சுப் போட்டு, செய்தித்தாளில் சுற்றி, இன்னொரு பையில் போட்டு ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில்.

அறுபது தாண்டிய அத்தை:

எல்லாம் சரி. நான் மூன்று பெற்றவள், எனக்கு இந்த ஸ்டூல் எதுவும் தெரியாது. தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு பாதத்தையும் கொஞ்சம் அகட்டி, குழந்தையை என்னைப் பார்க்க உட்கார வைத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்றால் போய்விடும். அம்மா கால் சூடு, அம்மா முகம். எந்த ஊருக்குப் போனாலும் காலை வீட்டில் விட்டுவிட்டா போகப் போகிறாய்? இரண்டரை வயதுப் பையன் கனமாகத்தான் இருப்பான், கணுக்கால் வலிக்கும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

குட்டிவால் அம்மா (நான்கு நாள் கழித்து):

சோதித்தேன். கவர் இல்லாமல் வைத்ததும் தானே போய் உட்கார்ந்தான், எழுந்திருக்கவே இல்லை, அதில் உட்கார்ந்தே பிஸ்கட் தின்றான் (மாமியார் பார்க்கவில்லை). மறுநாள் கூரியர் கவரை மாட்டி உட்கார வைத்தேன். உடம்பை அசைத்ததும் "மொட்" என்று ஒரு சத்தம். அப்படியே எழுந்து, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்து "யாரு?" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு மாதமாக உள்ளே யாரோ இருக்கிறார் என்று நினைத்திருக்கிறான்!

இப்போது குப்பைப் பையும் டயப்பரும்தான். பையை மாட்டும் வேலையை அவனிடமே கொடுத்துவிட்டேன், அவனே தட்டித் தட்டி அமுக்குகிறான். தினமும் ஒரு தடவை மொட்டை மாடியில், ஒரு தடவை கார் டிக்கியில் ஒத்திகை. தண்ணீரும் நிறுத்துவதில்லை. நர்ஸ் அக்கா, அவன் அடக்கவில்லை, தயாராகத்தான் நிற்கிறான், கவனித்துவிட்டேன்.

குட்டிவால் அம்மா (ஊரிலிருந்து):

வந்து சேர்ந்தோம். கிளம்புமுன் வீட்டில் ஆய் ஆகிவிட்டது, பாதிப் பாரம் அங்கேயே குறைந்தது. ரயிலில் எட்டரை மணிக்கு மேல் டாய்லெட்டில் தட்டையாக மடக்கி வைத்துப் பார்த்தோம். கீழே தண்டவாளச் சத்தம் கடகடவென்று வர, என் கழுத்தை விடவே இல்லை. சரி என்று வாஷ்பேசின் பக்கம் வந்து, கணவர் கதவில் சாய்ந்து துண்டைப் பிடித்து நிற்க, இவன் முட்டியில் கை வைத்துக் குனிந்து உட்கார்ந்தான். பல் தேய்க்க வந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார், அந்த நல்ல மனுஷனுக்கு என் நன்றி. ஒரு சொட்டு வெளியே இல்லை. ராத்திரி டயப்பர். கோவில்பட்டி தாண்டியதும் எழுந்து "உச்சா" என்றான், டயப்பரோடு இருந்தும் கேட்டான்! எடுத்துக்கொண்டு போவதற்குள் டயப்பரிலேயே போய்விட்டான், அது பரவாயில்லை.

ஆனால் இங்கே வந்து புதுப் பிரச்சினை. முதல் நாள் காலையிலேயே என் அம்மா அந்த அத்தை சொன்ன மாதிரி, புறவாசலில் முருங்கை மரத்தடியில் காலை நீட்டி உட்கார வைத்துவிட்டார். கோழி வருகிறது, அணில் வருகிறது, வேடிக்கை. இப்போது வீட்டுக்குள் எதிலும் உட்கார மாட்டேன் என்கிறான், மடக்கு பாட்டியையும் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கே போகிறான். ஞாயிற்றுக்கிழமை சென்னை திரும்பணும். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் முருங்கை மரத்துக்கு நான் எங்கே போவேன்?

கோவை அக்கா:

பால்கனியில் ஒரு தொட்டிச் செடி வை. கோழிக்கு மட்டும் என்னிடம் யோசனை இல்லை.