இவ்வளவு முரடனுக்கு மனச்சோர்வா?

கேள்வி: பையனுக்கு 13 வயது. ஒரு வருஷமாகத் திருட்டு, அடிதடி, பள்ளிக்கு மட்டம். போன வாரம் தங்கையின் உண்டியலை உடைத்துவிட்டு, கேட்டால் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. நடத்தைக் கோளாறு என்கிறார் டாக்டர், கூடவே ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அடங்காத துறுதுறுப்பு), மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்கணுமாம். இவனுக்கா மனச்சோர்வு?

பதில் 1: இருக்கலாம். பிள்ளைகளிடம் அது அழுகையாகத்தான் வரும் என்றில்லை, சிடுசிடுப்பாகவும் வரும், நாம்தான் திமிர் என்று நினைத்துக்கொள்வோம். தூக்கம், சாப்பாடு, பிடித்த விளையாட்டு எல்லாம் எப்படி இருக்கிறது? சாகணும் என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

பதில் 2: ஏடிஹெச்டி இதோடு அடிக்கடி சேர்ந்து வருவதுதான். என் அண்ணன் மகனுக்கு அதற்கு மருந்து ஆரம்பித்த பிறகு சட்டென்று கை ஓங்குவது குறைந்தது. பொய் குறையவில்லை, அதற்குப் பெற்றோருக்கான பயிற்சிதான் உதவியது (அண்ணன் முதலில் முறைத்தார், எனக்கு எதற்குப் பயிற்சி என்று).

பதில் 3: ஒரு சண்டையை வைத்து நடத்தைக் கோளாறு என்று பெயர் வைக்க மாட்டார்கள். டிஎஸ்எம்-5 (மனநலக் கோளாறுகளைக் கண்டறிய டாக்டர்கள் பார்க்கும் கையேடு) கணக்குப்படி 15 அறிகுறிகளில் 3 ஆவது 12 மாதத்துக்குள் இருக்கணும், அதில் ஒன்றாவது கடைசி 6 மாதத்தில். 10 வயதுக்கு முன்பே ஆரம்பித்ததா என்றும் கேட்பார்கள், எழுதிக்கொண்டு போங்கள். சிகரெட், குடி இருந்தால் மறைக்காதீர்கள்.

கேட்டவர்: சரி, எழுதுகிறேன். யோசித்தால், அவன் பந்தைத் தொட்டே நாலு மாதம் ஆகிறது.