விடுதி வாசலுக்கு நம்பர் கீபேடா, டேக்கா? அவசர உதவி

பீளமேடு_விடுதி:
நாளை காலை ஆள் வருகிறார். நம்பர் அழுத்துகிற கீபேடு போடுவதா, டேக் காட்டித் திறப்பதா? விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சீக்கிரம் சொல்லுங்கள்.

ரிலே12:
எத்தனை பேர் தங்குகிறார்கள்? மரக்கதவா, கண்ணாடியா? என்ன பூட்டு? எதுவுமே சொல்லவில்லையே.

சாவிக்கடை:
கண்ணை மூடிக்கொண்டு டேக் போடுங்கள். எங்கள் அலுவலகக் கீபேடில் 1, 4, 7, 9 மட்டும் எழுத்து தேய்ந்து பளபளவென்று இருக்கும். நான்கு இலக்கத்துக்கு 10,000 எண்கள் உண்டு, சரி. தேய்ந்த நான்கு பொத்தானும் தெரிந்துவிட்டால் 24 தடவை அழுத்திப் பார்த்தால் போதும்.

பழையகை:
தேடிப் படிக்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. டேக் என்றால் எந்த டேக்? சாதாரண 125 கிலோஹெர்ட்ஸ் டேக் எந்த ரீடர் கேட்டாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும், நகல் எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. மைஃபேர் கிளாசிக் என்கிற டேக் வகையின் ரகசியக் குறியாக்கமும் 2008-லேயே உடைந்துவிட்டது. குறியாக்கம் வலுவான டெஸ்ஃபயர் வகை டேக் வாங்குங்கள். அதிலும் ரீடர் வெறும் சீரியல் எண்ணை மட்டும் படித்தால், அந்த எண்ணை நகல் எடுத்துவிடலாம், காசு தண்டம். இதெல்லாம் தெரியாதவர்கள் கதவில் கை வைக்கக் கூடாது.

பீளமேடு_விடுதி:
38 பெண்கள். கண்ணாடிக் கதவு, மேக்லாக் (கரண்டில் ஓடும் காந்தப் பூட்டு). மாதம் மூன்று நான்கு பேர் மாறுவார்கள். இப்போதிருப்பது கீபேடுதான். சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கு யாரோ நம்பரைச் சொல்லிவிட்டார்கள், அவன் மாடி வரை வந்துவிட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ரிலே12:
அக்கா, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். டேக்தான் சரி. இன்னொன்று, கரண்ட் போனால் மேக்லாக் விட்டுவிடும். பேட்டரி இருக்கிறதா?

சாவிக்கடை:
பெண்கள் விடுதிக்கு மேக்லாக்கே கூடாது. கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும் பூட்டு போடுங்கள்.

ரிலே12:
தீப்பிடித்தால் 38 பேரும் எப்படி வெளியே வருவார்கள்? 280 கிலோ விசை தாங்கும் மேக்லாக் அரை ஆம்பியர் கரண்ட்தான் இழுக்கும். 12 வோல்ட், 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி புதிதாக இருந்தால் பத்து மணி நேரம் தாங்கும்.

சாவிக்கடை:
உள்ளே கைப்பிடி திருகினால் திறக்கிற பூட்டும் இருக்கிறது தம்பி. எனக்கும் மகள் விடுதியில்தான் இருக்கிறாள்.

வார்டன்_மதுரை:
சண்டை இருக்கட்டும். அக்கா, டேக் சேர்க்கும்போதே வரிசை எண், அறை எண், பெயர் மூன்றையும் நோட்டில் எழுதிவிடுங்கள். ஒருத்தி டேக்கைத் தராமல் ஊருக்குப் போய்விட்டாள். அது எத்தனையாவது எண் என்று தெரியாததால் எல்லா டேக்கையும் அழித்து முதலிலிருந்து சேர்த்தோம். பிள்ளைகள் இரவு பதினோரு மணி வரை வாசலில் வரிசையில் நின்றார்கள். அப்புறம், வெளியே ரீடர் மட்டும் இருக்கட்டும். பூட்டைத் திறக்கிற ரிலே உள்ள பெட்டி உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியைக் கழற்றி இரண்டு ஒயரை இணைத்தாலே கதவு திறந்துவிடும்.

பீளமேடு_விடுதி:
டேக் போட்டாச்சு. பெட்டி உள்ளே. நோட்டும் எழுதிவிட்டேன். பேட்டரி வெள்ளிக்கிழமைதான் வருமாம். நன்றி.

ரிலே12:
அதுவரை இரவில் வாசலில் ஆள் போடுங்கள் அக்கா.