பழைய ஹாலிவுட் மியூசிக்கல் படங்கள்: உங்க ஃபேவரிட் எது, எந்த சேனல்ல பாக்கறீங்க?

அமெரிக்கால இருக்கறவங்க சொல்லுங்க. சிங்கிங் இன் த ரெயின் (1952) மாதிரி படம்னா நான் எத்தனை தடவை வேணும்னாலும் பாப்பேன், ஆனா விளம்பரம் இல்லாம எதுல போடறாங்க?

பதில்:
டிசிஎம் (டர்னர் கிளாசிக் மூவிஸ், பழைய படங்களுக்கான சேனல்) தாங்க, வேற பேச்சே இல்ல. 1994ல ஆரம்பிச்சதுலேர்ந்து நடுவுல விளம்பரமே கிடையாது, அதைவிட முக்கியம் படத்தை வெட்டாம முழு அகலத்துல போடுவாங்க. செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்ல (1954) கொட்டகை கட்டற இடத்துல ஒரு டான்ஸ் வருமே, பழைய டிவி பிரிண்ட்ல ரெண்டு பக்கமும் நறுக்கிட்டா பாதி ஆளு ஃப்ரேம்லயே இருக்க மாட்டான், யாரோ தாவுறான்னு தெரியும் யார்னு தெரியாது. டான்ஸ் ஸ்டார் ஃப்ரெட் அஸ்டேர், ஆடும்போது தன்னோட உடம்பு தலைலேர்ந்து கால் வரைக்கும் தெரியணும்னு அடம்பிடிச்சது சும்மாவா?

பதில்:
ஏபிசி சேனல்ல கிறிஸ்துமஸ் சமயத்துல சவுண்ட் ஆஃப் மியூசிக் போடுவாங்க. படமே கிட்டத்தட்ட 3 மணி நேரம், விளம்பரத்தோட சேத்தா 4 ஆயிடும் 😅

பதில்:
என் ஓட்டு மை ஃபேர் லேடிக்கு (1964). ஆட்ரி ஹெப்பர்னுக்கு பெரும்பாலும் பாடினது மார்னி நிக்ஸன், வெஸ்ட் சைட் ஸ்டோரில நட்டாலி வுட்டுக்கும் அவங்கதான், ஆனா ரெண்டு படத்துலயும் டைட்டில்ல பேர் போடல. பின்னணிப் பாடகிங்களைக் கொண்டாடற நமக்கு இது அநியாயமா தெரியுது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, டிசிஎம் பேக்கேஜ்ல இருக்கான்னு பாக்கறேன்.