மொறிஸ் மைனர்: பெற்றோல் மணம், ஓயாமல் தட்டும் பம்ப்

இணுவில் ரீச்சர்:

வணக்கம். எங்கள் வீட்டில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று நிற்கிறது, 948 சிசி எஞ்சின். அப்பாவின் கார். இப்போது நான் ஓட்டுகிறேன். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஸ்பனர் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

காலையில் கொட்டிலைத் திறந்தால் பெற்றோல் மணம் முகத்தில் அடிக்கிறது. இது முதலாவது. இரண்டாவது, தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் அனுப்பும் மின்பம்ப். சாவியைத் திருப்பினால் டக் டக் என்று பத்துப் பன்னிரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடங்குவதுதான் அதன் வழக்கம். இப்போது அடங்குவதில்லை. எஞ்சினை இயக்காமல் கைக்கடிகாரம் வைத்து எண்ணினேன்: நான்கு செக்கனுக்கு ஒரு தட்டு. மூன்றாவது, போன மாதம் கிளிநொச்சிக்குப் போனபோது கொடிகாமம் தாண்டியதும் கார் இருமத் தொடங்கியது. மெதுவாகப் போனால் இருமல் இல்லை, கொஞ்சம் மிதித்தால் வருகிறது.

2022இல் நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்கும் முறை வந்த பிறகும் காரை எடுக்கவில்லை. ஒன்றரை வருடம் அசையாமல் நின்றது. தொல்லை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பக்கத்துக் கராஜில் மேலே தெரிகிற பெற்றோல் குழாயை மாற்றி, மீன்தொட்டிக்குப் போடுவது போன்ற ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். "பெற்றோல் ஓடுவது கண்ணுக்குத் தெரியும் ரீச்சர்" என்றார் அந்தத் தம்பி. தெரிந்தது. மூன்று மாதத்தில் அது மஞ்சளாகி, கோழிக்கால் எலும்பு போல விறைத்துவிட்டது.

கடையில் கேட்டால் மூன்று விதக் குழாயை மேசையில் வைக்கிறார்கள். விலை ஒன்றுக்கொன்று மூன்று மடங்கு வித்தியாசம். ஏன் என்று கேட்டால் "இது நல்லது" என்கிறார்கள். வெறும் விடைக்கு நான் புள்ளி போடுவதில்லை, செய்கைவழி வேண்டும். யாராவது சொல்வீர்களா?

கைதடி ஏ-40:

ரீச்சர், கசிகிற இடத்தில் சவர்க்காரத்தைக் குழைத்து அப்பி, மேலே துணி சுற்றிக் கட்டுங்கள். எங்கள் மாமாவின் ஒஸ்ரின் அப்படித்தான் கொழும்புக்குப் போய் வந்தது.

சுன்னாகம் பழைய கராஜ்:

கைதடித் தம்பி, சவர்க்காரம் வழியில் நின்றுவிட்ட காரை வீட்டுக்குக் கொண்டுவர. வீட்டில் நிற்கிற காருக்கு அல்ல.

ரீச்சர், உங்களுடையது ஒரு நோய் இல்லை, இரண்டு. மைனரில் பெற்றோல் தாங்கி பின்னால், டிக்கிக்குக் கீழே. பம்ப் முன்னால், எஞ்சின் அறையின் பின்சுவரில். ஆகவே தாங்கியிலிருந்து பம்ப் வரை பெற்றோல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பக்கம் றப்பர் வெடித்தால் ஓடும்போது பெற்றோல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். பம்ப் காற்றை அடித்துக்கொண்டிருக்கும், வேகம் பிடித்தால் எஞ்சினுக்குப் பெற்றோல் போதாது. உங்கள் இருமல் அதுதான். பம்பிலிருந்து காபரேற்றர் வரை, அதாவது பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பகுதி வரை, பெற்றோல் தள்ளப்படுகிறது. அங்கே வெடித்தால் வெளியே கசியும். உங்கள் மணம் அது.

மணத்தை முதலில் பாருங்கள். இந்த எஞ்சினில் காபரேற்றரும் புகை வெளியேறும் இரும்பும் ஒரே பக்கம், ஒன்றுக்கு மேல் ஒன்று. மேலே சொட்டினால் கீழே சூட்டில் விழும். அதைச் சரிசெய்யும்வரை காரை எடுக்கவேண்டாம்.

காற்று இழுக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, வெளி முற்றத்தில், காபரேற்றர் முனையில் குழாயைக் கழற்றி, கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு அதற்குள் நுனி முங்கப் பிடியுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். முதலில் குமிழி வருவது இயல்பு. ஒரு நிமிடத்துக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தால் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ ஓட்டை. பக்கத்தில் விளக்கு, அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது.

ஒரு கேள்வி. பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் இந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியதா?

இணுவில் ரீச்சர்:

ஓடியது. யாழ்ப்பாணத்தில் எந்தக் கார்தான் ஓடவில்லை? பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்திருந்து, அதில் எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் அப்பா. பின்சீற்றில் இருந்தால் கண் எரியும். அதற்கும் இதற்கும் என்ன?

சுன்னாகம் பழைய கராஜ்:

அந்தப் போத்தலிலிருந்து பெற்றோல் வருவதற்கு, பம்புக்கும் காபரேற்றருக்கும் இடையில் மூன்று வாய் உள்ள செப்பு இணைப்பு ஒன்று போடுவோம். நானே எத்தனையோ காருக்குப் போட்டிருக்கிறேன். பெற்றோல் திரும்பக் கிடைக்கத் தொடங்கியதும் போத்தலைக் கழற்றினார்கள். இணைப்பைக் கழற்றியவர் குறைவு. மூன்றாவது வாயில் ஒரு சாண் றப்பரை விட்டு, அதற்குள் எதையாவது இறுக்கிக் கட்டிவிட்டார்கள். கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பருத்தித்துறை 1098:

ரீச்சர், நானும் மைனர்தான், 1965. கடையில் ஏமாறாமல் இருக்க, குழாயின் மேலே அச்சடித்திருப்பதைப் பாருங்கள். எஸ்.ஏ.ஈ. ஜே30 என்ற தர அடையாளம் இருக்கும், பக்கத்தில் ஆர்6, ஆர்7, ஆர்9 என்று ஒன்று வரும். ஆர்6, ஆர்7 காபரேற்றர் கார்களுக்கு, 50 பிஎஸ்ஐ அழுத்தம் வரை. ஆர்9 இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு, 100 பிஎஸ்ஐ வரை. எங்கள் பம்புக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. ஆனாலும் நான் ஆர்9தான் போட்டேன். அதன் உட்சுவர் புளோரின் சேர்ந்த றப்பர், பெற்றோலுக்கு எளிதில் மசியாது. விலை வித்தியாசத்தின் காரணமும் அந்த உட்சுவர்தான். எதுவுமே அச்சடிக்காத குழாயை விலை மலிவென்று வாங்கவேண்டாம்.

ஒளி ஊடுருவும் குழாய் பெரும்பாலும் பிவிசி. அதை வளையவைக்கும் எண்ணெய்ப் பொருளைப் பெற்றோல் கழுவிக்கொண்டு போய்விடும், மிச்சம் உங்கள் கோழிக்கால். வெளியே நூல் பின்னியது பார்வைக்கு அழகு. ஆனால் உள்ளே வெடித்தாலும் நூல் மூடிக்கொண்டிருக்கும், மணம் வந்த பிறகுதான் தெரியும்.

பழைய றப்பர் உள்பக்கமாக உதிர்வதும் உண்டு. அந்தத் தூள் காபரேற்றரின் மிதவை ஊசியில் சிக்கினால் ஊசி மூடாது, பெற்றோல் வழிந்து ஓடும். ஆகவே குழாய் மாற்றும்போது மிதவைக் கிண்ணத்தையும் திறந்து துடைத்துவிடுங்கள்.

கிளிப் வாங்கும்போது ஓரம் மடிந்த, வெட்டில்லாத பட்டி உள்ளதாகக் கேளுங்கள். திருகுப்பல் ஓட்டை வழியாக றப்பரைக் கடிக்கிற கிளிப் சின்னக் குழாய்க்கு ஆகாது.

சுன்னாகம் பழைய கராஜ்:

தம்பி சொல்வது சரி. அளவையும் கவனியுங்கள் ரீச்சர். கால் அங்குலம் 6.35 மில்லிமீற்றர், ஐந்து பதினாறாம் அங்குலம் 7.9. பெரிய குழாயைச் சின்ன முனையில் விட்டுக் கிளிப்பால் நெரித்தால் அது மடிந்து கசியும். முனைக்கு மேல் ஓர் அங்குலமாவது ஏறவேண்டும். தொடங்கும்போது பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

இணுவில் ரீச்சர்:

முடிந்தது. இரண்டு நாள் எடுத்தது, பெறாமகன் உதவிக்கு வந்தான்.

ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். காபரேற்றருக்குப் பின்னால், கை மட்டும் போகிற இடத்தில், அந்தச் செப்பு இணைப்பு இருந்தது. மூன்றாவது வாயில் விரல் நீளத்துக்கு றப்பர். அதற்குள் அடைப்பாகச் செதுக்கிச் செருகிய பூவரசங்கட்டை, மேலே இரும்புக் கம்பிச் சுற்று. கம்பியை முறுக்கி நுனியை உள்ளே மடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் அப்பாவின் கை என்று தெரிந்தது; வேலிக்கும் அப்படித்தான் கட்டுவார். றப்பரை வளைத்தேன், முருங்கைக்காய் போல முறிந்தது. கட்டை முழுக்கப் பெற்றோல் ஊறியிருந்தது.

போத்தல் சோதனையில் குமிழி நிற்கவே இல்லை. கீழே படுத்துப் பார்த்தால், ஓட்டுநர் இருக்கைக்கு நேராகத் துருப்பிடித்த குழாயை எப்போதோ வெட்டி, றப்பர்த் துண்டால் ஒட்டுப்போட்டிருந்தார்கள். அது யார் செய்ததோ தெரியவில்லை. அப்பா இல்லை, கம்பிக்கட்டு வேறு மாதிரி.

பள்ளிக்கூடத்து வேணியர் இடுக்கிமானியால் அளந்தேன். காபரேற்றர் முனை 6.4, அடிக்குழாய் 7.9. இரண்டுக்கும் ஒரே குழாயைப் போட்டு நெரித்திருந்தார்கள். இங்கே ஒரு கடையில் 6 மில்லிமீற்றரில் மட்டும் ஆர்9 கிடைத்தது. மற்றதைப் பெறாமகனின் நண்பன் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் வாங்கி ரயிலில் கொண்டுவந்தான். மொத்தம் ஒன்றரை மீற்றர் போதும், இரண்டு வாங்கிவிட்டேன். செப்பு இணைப்பைக் கழற்றி எடுத்துவிட்டு, பம்பிலிருந்து காபரேற்றருக்கு ஒரே துண்டாகப் போட்டோம்.

கைதடித் தம்பி, கோபிக்கவேண்டாம், சவர்க்காரமும் பயன்பட்டது. கை கழுவினேன்.

இன்று காலை சாவியைத் திருப்பினேன். பதினொரு தட்டு. பிறகு சத்தமில்லை. ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கொட்டிலுக்குள் இருந்தேன், தட்டவே இல்லை.