உள்ளான் பறவைக்குப் பேர் சொல்கிற ஆட்களை எங்கே தேடுவது?

பாம்பனில் ஆட்டோ ஓட்டுகிறேன். தனுஷ்கோடிச் சவாரியில் கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணீரில் பூநாரை நின்றால் வண்டியை ஓரங்கட்டிவிடுவேன். சவாரிக்காரர்களில் சிலர் திட்டுவார்கள், சிலர் கூடவே இறங்கிவிடுவார்கள். பூநாரையைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். கரையோரம் ஓடும் இந்தச் சின்ன உள்ளான்கள்தான் உயிரை எடுக்கின்றன, எல்லாம் ஒரே சாம்பல்.

இன்ஸ்டாகிராமில் லட்சம் பேர் பின்தொடரும் நாலு பறவைப் படக்காரர்களைப் பிடித்தேன். சந்தேகம் கேட்டால் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவருக்கு "உங்களோடு பழக ஆசை" என்று தனியாக எழுதினேன், பதிலே இல்லை. நம்மைப் போன்ற ஆட்களை எப்படிப் பிடிப்பது? 2025-இல் இங்கே பூநாரைச் சரணாலயம் அறிவித்த பிறகு கேமராவோடு நிறையப் பேர் கண்ணில் படுகிறார்கள். பழக்கமானால் சவாரியும் கிடைக்கும், பொய் சொல்வானேன்.

பதில் (மண்டபம்):
தம்பி, லட்சக்காரர்களை விடுங்கள். பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற இ-பேர்ட் இணையதளத்தில் தனுஷ்கோடியைத் தேடினால் யார், எந்தத் தேதியில், எதைப் பார்த்தார்கள் என்று பட்டியலே இருக்கும். அதே பெயர்களை ஃபேஸ்புக்கில் போட்டுப் பாருங்கள். இருநூறு பேர்கூடப் பின்தொடராத ஆட்கள், ஆனால் ஒரு உள்ளானின் கால் நிறத்துக்கு ராத்திரி பூராவும் மல்லுக்கு நிற்பார்கள்.

"பழக ஆசை" மட்டும் வேண்டாம். நானும் எழுதி அசிங்கப்பட்டவன்தான். அப்புறம் ஒருவர் கடல்காகம் என்று போட்ட படத்தின் கீழே, "அலகு கறுப்பாகத் தடித்திருக்கிறதே, நண்டுதின்னி இல்லையா?" என்று கேட்டேன். அன்று ராத்திரியே அவராகப் பேசினார்.

பதில் (ராமநாதபுரம்):
ஜனவரியில் பொங்கலை ஒட்டி நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஆட்டோ ஸ்டாண்டிலேயே கால்மணி நேரம் நின்று பட்டியல் போடலாம். அந்த நாட்களில் தமிழில் பதிவு போடுகிறவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், மற்ற மாதங்களில் பாதிப்பேர் தூக்கம். ஒன்று மட்டும், மணல்திட்டில் ஆலாப் பறவையின் முட்டை கிடந்தால் குஞ்சு பறக்கும்வரை இடத்தை வெளியே சொல்லாதீர்கள் அண்ணே.

கேட்டவர்:
மண்டபம் அண்ணன் சொன்னபடி நேற்றுத் தேடினேன். ஒரு மதுரைக்காரர் போட்ட பூநாரைப் படத்தின் ஓரத்தில் பாதி ஆட்டோ தெரிகிறது. என் வண்டி! "அது நான்தான்" என்று கீழே எழுதினேன். "சீட்டு மேல ஏறி நின்னு பாத்தது நீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.