17 வயதில் ஊழிய அழைப்பு: உடனே புறப்படுவதா, காத்திருப்பதா?

காக்ஸ் டவுன் தகப்பன்:
என் மகனுக்கு 17 வயது. இங்கே பெங்களூரில் இரண்டாம் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறான். தசரா விடுமுறையில் நடந்த வாலிபர் முகாமின் கடைசி இரவில், முழுநேர ஊழியத்துக்கு, அதாவது வாழ்நாள் இறைப்பணிக்கு, தங்களை ஒப்புக்கொடுத்து முன்னே சென்று நின்றவர்களில் அவனும் ஒருவன். வீட்டுக்கு வந்ததும், நீட் தேர்வு எழுதப் போவதில்லை, வேதாகமப் பயிற்சிக்கு வடநாட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். "பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள்" என்ற எபேசியர் நிருப வசனத்தை எடுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. முதலில் பட்டம், பிறகு ஊழியம் என்று நான் சொன்னது தவறா?

வாலிபர் ஊழியன், லிங்கராஜபுரம்:
ஐயா, அந்த வசனத்தில் "கர்த்தருக்குள்" என்ற சொல்லை வேகமாகக் கடந்துவிட்டீர்கள். எரேமியா தீர்க்கதரிசி தன் இளவயதைக் காரணம் காட்டியபோது, "நான் சிறுபிள்ளையென்று நீ சொல்லாதே" என்றே அவருக்குப் பதில் வந்தது. யாக்கோபும் யோவானும் படவையும் தகப்பனையும் விட்டு உடனே இயேசுவின் பின்சென்றார்கள். ஞாயிறுதோறும் மிஷனரிகளுக்காக ஜெபித்துக் காணிக்கை போடும் நம் சபையார், அழைப்பு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் ஸ்தோத்திரம் என்பதையும், தங்கள் பிள்ளைக்கு வந்தால் பட்டத்தைப் பற்றிப் பேசுவதையும் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. வேதநாயகம் சாமுவேல் அசரியா பட்டம் பெறாமலேயே 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை:
தம்பி, அசரியா படிப்பை உதறிவிட்டுப் போனவர் அல்லர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இறுதித் தேர்வு நேரத்தில் நோயுற்றதால்தான் அவருக்குப் பட்டம் தவறியது. அதன்பின் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பணியில் பல ஆண்டுகள் உழைத்தார். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியபோது அவருக்கு வயது 28. மிஷனரி ஆமி கார்மைக்கேல் நம் பெங்களூருக்கு 1895இல் வந்து சேர்ந்தபோது அவருக்கு 27. வந்த பிறகும் தமிழ் கற்கவே நெடுநாள் செலவிட்டார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு அழைப்பை உணர்ந்த மிஷனரி மகள் ஐடா ஸ்கட்டர், மருத்துவம் படித்து 1899இல் பட்டம் பெற்ற பிறகுதான் வேலூருக்குத் திரும்பினார்.

வாலிபர் ஊழியன், லிங்கராஜபுரம்:
அக்கா, ஐடாவின் அழைப்பே மருத்துவத்துக்கானது. ஆகவே அவருக்குப் படிப்பே கீழ்ப்படிதலாக இருந்தது. இந்தப் பையனுக்கு அப்படியொரு அழைப்பு இல்லாதபோது, அவனை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

கம்மனஹள்ளி மாணவி:
என் அண்ணனும் 17 வயதில் இப்படித்தான் புறப்பட்டார். பயிற்சி முடியுமுன்பே மனம் சோர்ந்து திரும்பினார்; அனுப்பி வைத்தபோது சாட்சி சொல்லச் சொன்னவர்களில் ஒருவர்கூட, திரும்பி வந்தவரைத் தேடி வரவில்லை. இப்போது கூச்சத்தால் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஊழியன் அண்ணா, முகாமில் எத்தனை பேர் முன்னே வந்தார்கள் என்று எண்ணுகிறவர்கள், பிறகு எத்தனை பேர் நிலைத்தார்கள் என்றும் எண்ணுவதுண்டா?

வாலிபர் ஊழியன், லிங்கராஜபுரம்:
எண்ணுவதில்லை, தங்கையே. அது எங்கள் குற்றம்தான். ஆயினும் பின்தொடராதது எங்கள் தவறு என்பதால், அந்த இரவில் பேசியவர் கர்த்தர் இல்லை என்று ஆகிவிடாது.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை:
அதை யார் நிதானித்தறிவது என்பதில்தான் நாம் மாறுபடுகிறோம். நான் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நடத்தும் பாடம் 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரம். கர்த்தர் இரவில் கூப்பிட்டபோது, சிறுவன் சாமுவேல் மூன்று முறையும் தன்னை வளர்த்த ஆசாரியன் ஏலியிடம் ஓடினான். சத்தம் பிள்ளைக்குக் கேட்டது, அது யாருடையது என்பதோ கண் மங்கிய கிழவருக்குத்தான் விளங்கியது. ஏலி குறைகள் நிறைந்த தகப்பன். அப்படியிருந்தும் பிள்ளையைத் தன் படுக்கைக்கே திருப்பி அனுப்பி, "கர்த்தாவே சொல்லும்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார். விடிந்ததும் சாமுவேல் வழக்கம்போல ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். அன்றைய அவனுடைய வேலை அதுவே. தகப்பனாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மறுநாள் ஏலி சாமுவேலை அழைத்து, கர்த்தர் சொன்ன காரியம் என்ன, மறைக்க வேண்டாம் என்றார். அது தன் வீட்டுக்கு விரோதமான செய்தியாக இருந்தும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நீங்கள் மகனிடம் அதைக் கேட்டீர்களா?

காக்ஸ் டவுன் தகப்பன்:
இல்லை, அம்மா. நீட்டைப் பற்றிக் கேட்டேன், செலவைப் பற்றிக் கேட்டேன், அவனுடைய அம்மா அழுவதைச் சொன்னேன், இதைக் கேட்கவில்லை.

காக்ஸ் டவுன் தகப்பன் (மறுநாள்):
நேற்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். வெகுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் பேசினான். அவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவனுடையது. பி.யூ.சி. தேர்வை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறான், நீட் விண்ணப்பத்தில் இன்னும் பிடிகொடுக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் பின் இருவருமாகப் போதகரைப் பார்க்கப் போகிறோம். லிங்கராஜபுரம் தம்பியும் வந்தால் நல்லது.

வாலிபர் ஊழியன், லிங்கராஜபுரம்:
வருகிறேன், ஐயா. நீட் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் பேச மாட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.