டார்ச்சை அணைத்தும் அணையாத எல்.இ.டி

எங்கள் வீட்டுக் குளியலறை கொல்லைப்புறத்தில் தனியாக இருக்கிறது. விளக்கை அணைக்க மறந்தால் விடியும்வரை எரியும். அடுக்களையிலிருந்தே தெரிந்தால் நல்லது என்று அம்மா சொன்னதால் இதில் இறங்கினேன்: அங்கே வெளிச்சம் இருந்தால் இங்கே ஒரு எல்.இ.டி எரிய வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைத்தது. 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து எல்.டி.ஆர் (வெளிச்சத்துக்கேற்பத் தடை மாறும் பாகம்) வழியாக பி.சி.547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு ஒரு இணைப்பு. பேஸ், எமிட்டர், கலெக்டர் மூன்றும் டிரான்சிஸ்டரின் கால்கள்; பேஸ்தான் மற்ற இரண்டுக்கும் நடுவே ஸ்விட்ச் மாதிரி. பேஸிலிருந்து 10 கிலோ ஓம் பிரீசெட் (திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்) வழியாக மைனஸுக்கு இன்னொன்று. எமிட்டர் நேராக மைனஸில். கலெக்டருக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே வெள்ளை எல்.இ.டியும் 470 ஓம் ரெசிஸ்டரும். வெளிச்சம் பட்டால் எல்.டி.ஆரின் தடை குறையும், பேஸில் 0.6 வோல்ட்டுக்கு மேல் ஏறியதும் எல்.இ.டி எரியும்.

ராத்திரி அறையை இருட்டாக்கி டார்ச் அடித்தேன். எரிந்தது. டார்ச்சை அணைத்தேன். எல்.இ.டி அணையவில்லை! டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டது என்று வேறொன்றை மாற்றினேன். அதிலும் அப்படியே. ஒயர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகியே இரண்டு மணி நேரம் போனது. அப்புறம் மேஜையில் இருந்த கத்தரிக்கோலை எடுக்கத் தங்கை கை நீட்டினாள், சட்டென்று அணைந்தது. அவள் கையின் நிழல் எல்.டி.ஆர் மேல் விழுந்திருக்கிறது. பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகை) எல்.இ.டியையும் எல்.டி.ஆரையும் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தேன். எல்.இ.டி தன் வெளிச்சத்தாலேயே தன்னை எரியவைத்துக்கொண்டிருந்தது! அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் குழாய் மாதிரி சுற்றி எல்.டி.ஆரை அதற்குள் வைத்து, குளியலறை பல்பைப் பார்த்துத் திருப்பிவிட்டேன். எல்.இ.டிக்கு மட்டும் நீள ஒயர் இழுத்து அடுக்களைக்குக் கொண்டுவந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் எரியாதபடி பிரீசெட்டைத் திருகிச் சரிசெய்யத்தான் ஒரு பகல் முழுக்க ஆனது.

•

இதைப் படித்த ஒருவரின் பின்னூட்டம்: அண்ணா, எல்.டி.ஆரோடு தொடராக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிடுங்கள். நானும் இதே சர்க்யூட்டைச் செய்து மொட்டை மாடியில் உச்சி வெயிலில் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எல்.டி.ஆரைத் தொட முடியவில்லை, அப்படிச் சுட்டது. நேர் வெயிலில் அதன் தடை மிகவும் இறங்கிவிடுவதால் பேஸுக்குப் போகும் மின்னோட்டத்தைத் தடுக்க எதுவும் இருப்பதில்லை. அந்த ரெசிஸ்டர் இருந்தால் 9 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. குளியலறைக்குள் வெயில் வராது என்றாலும், கழற்றி வெளியே சோதிக்கும்போது உதவும்.